பனிமலைப் பாசறைக்குப் படியளத்தல்
(உரையின் எழுத்து வடிவம்)

லடாக்கில் அக்டோபர் மாதம் பிறந்துவிட்டால் எல்லோருடைய கண்ணும் சோஜிலா கணவாயின் மீதே இருக்கும். ஸ்ரீநகரிலிருந்து லே நகருக்குச் செல்லும் சுமார் 430 கிலோமீட்டர் சாலை, 11,500 அடிக்கு மேல் உயரமுள்ள அந்தக் கணவாயைத் தாண்டித்தான் செல்ல வேண்டும். முதற்பனி விழுந்து, பிறகு பெரும்பனி விழுந்து, கணவாய் அடைபட்டுவிட்டால் அதற்கு அப்பால் இருப்போர் கையிலுள்ளதைக் கொண்டுதான் குளிர்காலத்தைக் கழிக்க வேண்டும். ஆகவே கோடை முழுவதும் இராணுவ லாரிகள் அணி அணியாக மேலேறுகின்றன. மாவும் அரிசியும் பருப்பும் சர்க்கரையும் மண்ணெண்ணெயும் டீசலும் மருந்தும் கம்பளியும் அவற்றில் செல்கின்றன. ‘முன்கூட்டிய குளிர்காலச் சேமிப்பு’ என்பது இப்பணிக்கு இராணுவத்தில் வழங்கும் பெயர். பெயர் எளிதாக இருக்கிறது, வேலை அப்படியன்று.

உணவு தானிய உற்பத்தியில் தன்னிறைவு கண்ட நாட்டில், கிடங்குகளில் தேவைக்கு மேல் கோதுமை குவிந்து கிடக்கும் ஆண்டுகளிலும், எல்லைக் காவல் முனையில் நிற்கும் வீரனுக்கு உணவுத் தட்டுப்பாடு எப்படி வரும் என்று கேட்கத் தோன்றும். நாட்டில் உணவு இல்லாததால் அவனுக்குக் குறைவு நேர்வதில்லை. கிடங்குக்கும் அவனுடைய தட்டுக்கும் இடையில் ஒரு நாட்காட்டியும் ஒரு மலையும் ஒரு கணக்குப் புத்தகமும் நிற்கின்றன. இம்மூன்றில் எது தவறினாலும் தட்டில் குறைகிறது.

முதலில் நாட்காட்டி. லே நகரை எட்டும் பழைய சாலைகள் இரண்டு. சோஜிலா வழி ஒன்று; மணாலியிலிருந்து ரோதாங், பாராலாச்சா, 17,000 அடிக்கு மேல் உயர்ந்த தங்லங் லா ஆகிய கணவாய்களைக் கடந்து வரும் வழி மற்றொன்று. நெடுங்காலமாக இவ்விரண்டும் நவம்பர் வாக்கில் மூடப்பட்டு, ஏப்ரல், மே மாதங்களில்தான் திறக்கப்பட்டு வந்தன. அதாவது, வரப்போகும் பிப்ரவரியில் ஒரு காவல் முனையில் எத்தனை பேர் இருப்பார்கள், அவர்கள் எவ்வளவு உண்பார்கள், எவ்வளவு எண்ணெய் எரிப்பார்கள் என்பதை முந்திய கோடைக்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும். ஒப்பந்தப்புள்ளி கோருவதில் இரண்டு மாதத் தாமதம் ஏற்பட்டால் சமவெளியில் அது ஒரு கோப்பின் தாமதம். சோஜிலாவுக்கு அப்பால் அது ஓராண்டின் தாமதம் ஆகிவிடும். நகர அலுவலகத்தில் இருப்போர் இந்த வேறுபாட்டை எளிதில் உணர்வதில்லை.

இந்தப் பாடம் புதிதன்று. 1948-ஆம் ஆண்டிலேயே இது மிகக் கடுமையாகக் கற்பிக்கப்பட்டது. அவ்வாண்டு பிப்ரவரியில் பகைவரால் முற்றுகையிடப்பட்ட ஸ்கர்டு கோட்டையை லெப்டினன்ட் கர்னல் ஷேர் ஜங் தாப்பா ஆறு மாதங்கள் காத்து நின்றார். உதவிப் படை தரை வழியே அவரை எட்ட முடியவில்லை. போர் விமானங்களிலிருந்து சிறு கொள்கலன்களில் எறியப்பட்ட பொருள்கள் தேவைக்குப் போதவில்லை. உணவும் தோட்டாவும் தீர்ந்த பிறகு, ஆகஸ்டு 14 அன்று கோட்டை வீழ்ந்தது. வீரத்தில் குறைவிருந்ததாக யாரும் சொல்லவில்லை.

அதே போரில் பூஞ்ச் நகரின் கதை வேறு விதமாக முடிந்தது. அதுவும் ஏறத்தாழ ஓராண்டு முற்றுகையில் இருந்த ஊர்தான். அங்கே படைவீரரோடு பல்லாயிரம் அகதிகளும் அடைபட்டிருந்தனர். ஆனால் வீரரும் மக்களும் சேர்ந்து உழைத்து ஒரு விமான ஓடுதளத்தை அமைத்தார்கள். ஏர் கமோடர் மெஹர் சிங்கின் தலைமையில் டகோட்டா விமானங்கள் அங்கே இறங்கின. உணவும் படைக்கலங்களும் சென்றன. திரும்பும் விமானங்களில் காயமுற்றோரும் அகதிகளும் வந்தனர். பூஞ்ச் தாக்குப் பிடித்தது. அதே மெஹர் சிங் 1948 மே 24 அன்று, மேஜர் ஜெனரல் திம்மையாவை உடன் ஏற்றிக்கொண்டு, 11,500 அடி உயரத்தில் உள்ள லே நகரின் மணல் தளத்தில் டகோட்டாவை இறக்கினார். அந்தத் தளத்தை அமைத்தவர் லடாக்கைச் சேர்ந்த பொறியாளர் சோனம் நோர்பு. மண் சுமந்தவர்கள் அவ்வூர் மக்கள். லடாக்கைக் காப்பாற்றிய பெருமையைப் பங்கிடும்போது, கூடையும் மண்வெட்டியும் ஏந்திய அந்தக் கைகளுக்கும் ஒரு பங்கு உண்டு.

பதினான்கு ஆண்டுகள் கழித்து, நாட்டின் கிழக்குக் கோடியில், பாடம் மறக்கப்பட்டது. 1962-இல் அன்றைய வடகிழக்கு எல்லைப்புறப் பகுதியில், நாம்கா சூ ஆற்றங்கரைக்குப் பிரிகேடியர் தால்வியின் தலைமையில் 7-ஆவது பிரிகேடு அனுப்பப்பட்டது. மோட்டார் சாலை வெகு தொலைவில் நின்றுவிட்டது. அங்கிருந்து ஒற்றையடிப் பாதைதான். வீரர்கள் பருத்திச் சீருடையில் சென்றார்கள். பலரிடம் இருந்தவை 50 தோட்டாக்களே. உணவு முதல் வெடிமருந்து வரை அனைத்தும் சாங்தார் என்ற உயரமான சரிவில் விமானத்திலிருந்து போடப்பட வேண்டும் என்பது திட்டம். வரைபடத்தில் அது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்தச் சரிவு குறுகியது, மேகம் மூடுவது. போட்ட மூட்டைகளில் பல பள்ளத்தாக்கில் உருண்டன; சில எட்டமுடியாத புதர்களில் சிக்கின. விழுந்த இடத்திலிருந்து எடுத்து வரவும் ஆள் வேண்டும். அந்த உயரத்துக்கு உடல் பழகாத ஆள்கள் மூச்சு வாங்கி நின்றார்கள். அக்டோபர் 20 அன்று தாக்குதல் தொடங்கியபோது அந்தப் பிரிகேடு குளிராலும் குறைந்த உணவாலும் ஏற்கனவே தளர்ந்திருந்தது. தால்வி பின்னாளில் எழுதிய நூலில் இந்தச் செய்திகளைக் கசப்போடு பதிவு செய்திருக்கிறார். விமானத்திலிருந்து புறப்பட்ட எடையையும் வீரனின் கைக்கு வந்த எடையையும் ஒன்றாகக் கருதியது அன்றைய பெரும்பிழை. அந்தப் பிழை வேறு வேறு வடிவங்களில் பின்னரும் தலைகாட்டியிருக்கிறது.

இனி மலை. லே வரை லாரி வருகிறது, விமானமும் வருகிறது. லே நகரோ கதையின் நடுப்பக்கம்தான். அங்கிருந்து காவல் முனைகளுக்குச் செல்லும் கடைசித் தொலைவுதான் கடினமானது. லாரி நிற்குமிடத்தில் கோவேறு கழுதை தொடங்குகிறது. கழுதை நிற்குமிடத்தில் சுமைதூக்கி தொடங்குகிறார். 1984 ஏப்ரல் 13 முதல் இந்தியப் படைகள் நிலைகொண்டுள்ள சியாச்சின் பனியாற்றில் பல முனைகள் 18,000 அடிக்கும் மேலே உள்ளன. சில 20,000 அடியையும் தாண்டியவை. அங்கே நூப்ரா பள்ளத்தாக்கைச் சேர்ந்த சுமைதூக்கிகளும் சீட்டா ஹெலிகாப்டர்களும்தான் துணை. காற்று மெலிந்த அந்த உயரத்தில் ஹெலிகாப்டரின் விசிறிக்குப் பிடிமானம் குறைவு. ஆகவே ஒரு பறப்பில் சில பத்துக் கிலோ எடையைத்தான் சுமக்க முடியும். ஒரு மூட்டை மாவா, ஒரு கலன் மண்ணெண்ணெயா என்று கேள்வி எழுந்தால் மண்ணெண்ணெய்தான் முதலில் போகும். அடுப்பு எரிந்தால்தான் பனிக்கட்டி உருகித் தண்ணீராகும். தண்ணீர் இல்லாமல் மாவு எதற்கு? வானம் தெளிவாக இல்லாவிடில் இரண்டும் போவதில்லை. பனிப்புயல் தொடரும் நாள்களில் முனையில் இருப்போர் கையிருப்பை எண்ணி எண்ணிச் செலவிடுகிறார்கள்.

சமையலும் அங்கே சமவெளிச் சமையல் அன்று. கடல் மட்டத்தில் 100 பாகை சென்டிகிரேடில் கொதிக்கும் நீர், லே நகரில் சுமார் 88 பாகையிலும், 18,000 அடியில் ஏறத்தாழ 82 பாகையிலும் கொதித்துவிடுகிறது. கொதிக்கிறது, ஆனால் வேகவைப்பதில்லை. பருப்பு கல்லாகவே கிடக்கும். அரிசி வெளியே குழைந்து உள்ளே நறுக்கென்றிருக்கும். காவிரிப் பாசனச் சோற்றில் வளர்ந்தவனுக்கும் பஞ்சாபின் ரொட்டியில் வளர்ந்தவனுக்கும் ஒரே துன்பம்தான். பிரஷர் குக்கர் இல்லாத காவல் முனை உணவில்லாத காவல் முனைக்குச் சமம். முட்டையும் தக்காளியும் ஆரஞ்சும் உறைந்து கல்லாகின்றன. இத்தனைக்கும் மேலாக, உயரம் பசியைக் கொல்கிறது. குளிரில் உடலுக்கு வேண்டிய ஆற்றல் கூடும் அதே வேளையில் உண்ணும் விருப்பம் குறைகிறது. டப்பாவைத் திறந்தால் எழும் மணமே சிலருக்குக் குமட்டுகிறது. ஆகவே அங்கே எவ்வளவு அனுப்பினோம் என்பதைவிட எவ்வளவு உண்டார்கள் என்பதுதான் சரியான கேள்வி.

அந்தக் கேள்விக்கு விடை தேடியவர்களில் முதலிடம் மைசூரில் 1961 இறுதியில் நிறுவப்பட்ட பாதுகாப்பு உணவு ஆய்வுக்கூடத்துக்கு உரியது. எடையைக் குறைக்க நீரை எடு, சுவையை விடாதே என்பதுதான் அதன் பணியின் சாரம். நீர் நீக்கிய காய்கறிகள், வெந்நீர் விட்டால் ஆயத்தமாகும் உப்புமா, பல நாள் கெடாத சப்பாத்தி, பையோடு சூடாக்கி உண்ணக்கூடிய புலவு ஆகியவை அங்கிருந்து வந்தன. இன்று கடைகளில் உறைகளில் விற்கும் உடனடி உணவு வகைகள் பலவற்றுக்கும் இவ்வாய்வு முன்னோடி என்பதைப் பலர் அறியார்.

மூன்றாவது தடை கணக்குப் புத்தகம். பனியைப் பற்றிப் பேசுவது எளிது. பனியின் மீது பழி போட்டால் யாரும் கோபிப்பதில்லை. கணக்கைப் பற்றிப் பேசுவதுதான் சங்கடம். ஆயினும் நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட்ட ஆவணங்களே அதைப் பேசுகின்றன. இராணுவத்தின் உணவு வழங்கல் பற்றி 2011-இல் வந்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை, பயன்படுத்தும் காலம் கடந்த உலர் பொருள்களும் வீரர்களுக்கு வழங்கப்பட்டதைச் சுட்டிக்காட்டியது. 2020 பிப்ரவரியில் அவையில் வைக்கப்பட்ட மற்றோர் அறிக்கை, உயர்மலைப் பகுதிகளின் உடை, கருவி, உணவு, உறைவிடம் ஆகியவற்றை ஆராய்ந்தது. பனிக் கண்ணாடிகளில் பெரும் பற்றாக்குறை இருந்ததை அது கூறிற்று. உணவைப் பற்றி அது கண்டறிந்தது இன்னும் நுட்பமானது.

உயர்மலைச் சிறப்பு உணவில் குறிப்பிட்ட பொருள் கிடைக்காதபோது மாற்றுப் பொருள் வழங்க விதி இடம் தருகிறது. அதில் தவறில்லை. ஆனால் மாற்று, விலைக்கு விலை என்ற அடிப்படையில் கணக்கிடப்பட்டது. ஒரு பொருளின் விலைக்கு ஈடான மற்றொரு பொருளைத் தந்தால் ரொக்கக் கணக்கு நேராகிவிடும்; உடலின் கணக்கு நேராவதில்லை. மாற்றாக வந்த பொருள் விலை மிகுந்ததாக இருந்தால் அதன் அளவு சுருங்கும். அளவு சுருங்கினால் அதிலிருந்து கிடைக்கும் ஆற்றலும் சுருங்கும். இப்படிச் சில நேர்வுகளில் வீரர்களுக்குச் சேர வேண்டிய கலோரி 82 சதவீதம் வரை குறைந்ததாக அறிக்கை தெரிவித்தது. லே நகரில் ஓரிடத்தில், வந்து சேராத சிறப்பு உணவுப் பொருள்கள் வழங்கப்பட்டதாகவே பதிவாகியிருந்ததையும் அது எடுத்துக்காட்டியது. தணிக்கை முக்கியமாக 2015-16 முதலான சில ஆண்டுகளைப் பற்றியது. அது பழைய நிலை, பின்னர் குறைகள் சரி செய்யப்பட்டுவிட்டன என்று இராணுவத் தலைமை விளக்கம் அளித்தது. அந்த விளக்கத்தைப் புறந்தள்ள வேண்டியதில்லை. ஆனால் விதியில் இருந்த குறையைக் கவனிக்க வேண்டும். இங்கே யாரும் திருடியதாகச் சொல்லவில்லை; விதிப்படி நடந்தும் வீரன் பட்டினி கிடக்க முடியும் என்பதுதான் செய்தி. லாரி எடையால் அளக்கிறது, அலுவலகம் ரூபாயால் அளக்கிறது, உடல் சூட்டால் அளக்கிறது. முதல் இரண்டு அளவைகளில் நிறைவாகத் தோன்றும் கணக்கு மூன்றாவதில் பொய்த்துப்போவது 1962-இன் சாங்தார் சரிவிலும் நடந்தது, அரை நூற்றாண்டு கழித்துப் பதிவேட்டிலும் நடந்தது.

இனி, இப்பிரச்சினையின் வளமான பக்கம். வளர்ச்சித் திட்டங்களில் நாட்டமுள்ளோர் கவனிக்க வேண்டியதும் இதுதான்.

லே நகரில் ஓராண்டில் பெய்யும் மழையும் பனியும் சேர்ந்து சுமார் 100 மில்லிமீட்டர்தான். பயிர் வளரும் காலம் நான்கைந்து மாதங்கள். பனியாறு உருகிவரும் நீரை வாய்க்கால் வெட்டித் திருப்பி வாற்கோதுமையும் டர்னிப் கிழங்கும் பயிரிட்டு, வாதுமைக் கொட்டையைப் போன்ற பருப்புள்ள ஆப்ரிகாட் கனியை வெயிலில் உலர்த்தி வைத்து, மக்கள் பல நூற்றாண்டுகளாகக் குளிரைக் கடந்து வந்தார்கள். வறுத்த வாற்கோதுமை மாவை உப்புத் தேநீரில் பிசைந்து உண்ணும் அவர்களுடைய வழக்கம், எரிபொருள் இல்லாத இடத்தில் சமைக்காமலே உண்ணக் கண்ட வழி. சமவெளியிலிருந்து வந்த படை முதலில் அதைப் பார்த்துப் புன்னகைத்திருக்கலாம். பின்னர் உணவியலார் அதை ஆராயத் தொடங்கினர்.

1960-களின் தொடக்கத்தில் பாதுகாப்பு ஆராய்ச்சித் துறை லே நகரில் ஒரு களஆய்வுக்கூடத்தை நிறுவியது. உயர்மலை ஆராய்ச்சி நிறுவனமாக அது பின்னர் வளர்ந்தது. வீரனுக்குப் பச்சைக் காய்கறி வேண்டும். அதைச் சண்டீகரிலிருந்து விமானத்தில் ஏற்றுவதற்குப் பதிலாக இங்கேயே விளைவிக்க முடியுமா என்பதே அதன் முன்னிருந்த கேள்வி. விடை மண்ணுக்குள்ளேயே இருந்தது. ஓராள் நின்று வேலை செய்யும் ஆழத்துக்கு மண்ணில் குழி வெட்டி, மேலே ஒளி ஊடுருவும் பாலித்தீன் விரித்து, இரவில் கோணியோ பாயோ போர்த்தினால், பகலில் வெயில் தந்த சூட்டைக் குழியின் சுவர்கள் இரவு முழுவதும் காத்து வைக்கின்றன. லடாக்கில் குளிர் கடுமை. ஆனால் வெயிலுக்குக் குறைவில்லை. வெளியே சுழியத்துக்குக் கீழ் 20 பாகை இருக்கும்போது குழிக்குள் கீரை தளிர்க்கிறது. அதிகச் செலவில்லாத இந்த முறையை அவ்வூர் உழவர் எளிதில் ஏற்றுக்கொண்டனர். முட்டைக்கோசு, காரட், உருளைக்கிழங்கு, காலிபிளவர் ஆகியவை கோடையில் திறந்த வயலில் விளைகின்றன. லடாக்கின் வரண்ட சரிவுகளில் தானே வளரும் சீபக்தார்ன் என்னும் முட்செடியின் புளிப்புப் பழத்தில் வைட்டமின் சி மிகுதி. அதன் சாற்றைப் பானமாக்கும் முறையையும் அதே நிறுவனம் உருவாக்கிற்று.

விளைந்ததை யார் வாங்குவது? உழவர் கூட்டுறவுச் சங்கங்கள் காய்கறிகளைத் திரட்டி இராணுவத்துக்கு வழங்கும் ஏற்பாடு வந்தது. நிச்சயமான கொள்முதல் என்பது அந்தச் சிற்றூர்களின் பொருளாதாரத்தையே மாற்றியது. முன்பு வீட்டுத் தேவைக்கு மட்டும் டர்னிப் விதைத்த பெண்கள் சந்தைக்காக உருளைக்கிழங்கு விதைக்கலானார்கள். இராணுவத்துக்கும் மிச்சம்: லேயில் விளைந்த ஒரு கிலோ கோசுக்குச் சோஜிலாவைக் கடக்கும் செலவில்லை, வழியில் அழுகும் இழப்புமில்லை. 1948-இல் ஓடுதளத்துக்கு மண் சுமந்த மக்களின் வழித்தோன்றல்கள் இன்று அதே படைக்குக் காய்கறி விளைவிக்கிறார்கள்.

இதை மிகைப்படுத்தவும் கூடாது. கோதுமையும் அரிசியும் எண்ணெயும் என்றும் வெளியிலிருந்துதான் வர வேண்டும். பனியாற்று நீர் அளவானது. சுற்றுலாப் பயணிகள் பெருகிய பிறகு விடுதிகளும் அதே நீரையும் அதே காய்கறியையும் கேட்கின்றன. கொள்முதல் விலை காலத்தில் முடிவாகாவிட்டால் உழவர் விடுதிக்கே விற்கிறார். அவரைக் குறை சொல்ல இயலாது. மேலும், பணவிதைக்காக வாற்கோதுமையைக் கைவிடும் ஊர், தன் சொந்தக் குளிர்காலத்துக்கு நியாயவிலைக் கடையை நம்ப வேண்டியதாகிறது. அந்தக் கடையின் அரிசியும் சோஜிலா வழியாகத்தான் வருகிறது. பாசறையின் தட்டுப்பாட்டைத் தீர்க்க முனையும்போது அதை ஊரின் தட்டுப்பாடாக மாற்றிவிடக் கூடாது.

சாலையின் அருமையை 1999 மீண்டும் நினைவூட்டியது. கார்கில் மலை உச்சிகளில் ஊடுருவியோர் குறிவைத்தது கீழே செல்லும் ஸ்ரீநகர்-லே சாலையை. கோடையில் அந்தச் சாலை அறுபட்டால் அடுத்த குளிர்காலத்தில் லேயும் சியாச்சினும் வாடும் என்பதை எதிர்த் தரப்பும் நன்கு அறிந்திருந்தது. 2020 ஜூனில் கல்வான் பள்ளத்தாக்கில் மோதல் நிகழ்ந்த பிறகு கிழக்கு லடாக்கில் பல்லாயிரம் படையினர் கூடுதலாக நிறுத்தப்பட்டனர். வழக்கமான கணக்கு எதுவும் அவ்வாண்டு பொருந்தவில்லை. கோடையின் நடுவில் தொடங்கி, பனிக்கு முன் இருந்த சில மாதங்களில், பெரும் போக்குவரத்து விமானங்களும் லாரிகளும் ஓயாமல் இயங்கிப் புதிய படைகளுக்குக் குளிர்காலம் முழுமைக்கும் உணவும் எரிபொருளும் உறைவிடமும் கொண்டு சேர்த்தன. 2019 நவம்பரில் அறிமுகமான, கடுங்குளிரிலும் உறையாத டீசல் அப்போது பெரிதும் பயன்பட்டது. திட்டமிட்டால் முடியும் என்பதற்கு அந்த ஆண்டு சான்று.

மலையையும் மனிதன் குடைந்துகொண்டிருக்கிறான். ரோதாங்கின் கீழே 9 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப்பாதை 2020 அக்டோபர் 3 அன்று திறக்கப்பட்டது. சோஜிலாவுக்கு முன்னுள்ள சோனமார்க் சுரங்கம் 2025 ஜனவரியில் திறக்கப்பட்டது. சோஜிலாவைக் குடையும் நீண்ட சுரங்கத்தின் பணி பல ஆண்டுகளாக நடந்து வருகிறது. இடையே எல்லைச் சாலைகள் நிறுவனத்தார் பனியை வாரித் தள்ளும் வேகத்தால், ஐந்தாறு மாதம் மூடிக் கிடந்த சோஜிலா, 2025-இல் 32 நாள் மூடலுக்குப் பிறகு ஏப்ரல் முதல் நாளே திறந்துவிடப்பட்டது. நாட்காட்டி சுருங்கி வருகிறது. ஆனால் எந்தச் சுரங்கமும் 20,000 அடி உயரத்துக்குப் போவதில்லை; அங்கே இன்றும் சுமைதூக்கியின் முதுகும் சீட்டாவின் விசிறியும்தான்.

குளிர்காலத்தின் நடுவில், மலைக்கு அப்பாலிருந்து வரும் லாரிகள் நின்றிருக்கும் நாள்களில், லே நகரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் உழவர்கள் நிலத்தடிக் குழிகளின் வாயை மூடிய வைக்கோலையும் மண்ணையும் விலக்குகிறார்கள். இலையுதிர் காலத்தில் உள்ளே அடுக்கிய உருளைக்கிழங்கும் காரட்டும் உறையாமல் இருக்கின்றன. உண்பதற்கும் அடுத்த விதைப்புக்கும் வேண்டியதை ஒதுக்கியபின் மீதம் மூட்டைகளில் கட்டப்படுகிறது. அதில் எது மேலே, எந்த முனைக்குப் போக வேண்டும் என்பதை அன்றைய வானம் முடிவு செய்யும்.